சி.ஆர்.பி. 38: அப்பாவின் எதிர்ப்புச் சக்தி போய்விட்டதா?

கடிதம்

நீடாமங்கலத்தை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு வயது 59. இரண்டு ஏக்கர் நஞ்சை, 11 ஆண்டுகளாகச் சர்க்கரை. மூன்றரை மாதத்துக்கு முன் பெருங்குடலின் வலப்பக்கத்தில் புற்றுநோய் என்று கண்டறிந்து அறுவை சிகிச்சை செய்தார்கள். திசு அறிக்கையில் 'டி3 என்1', அதாவது மூன்றாம் நிலை. 21 நாளுக்கு ஒருமுறை ஆக்ஸாலிபிளாட்டின் ஊசி, அதோடு 14 நாள் கேப்சைடபின் மாத்திரை என்று எட்டு சைக்கிள் கீமோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு முடிந்துவிட்டது. மூன்றாவதுக்குப் போனபோது, "நியூட்ரோஃபில் 1,100தான் இருக்கிறது, ஒரு வாரம் கழித்து வாருங்கள்" (நியூட்ரோஃபில் கிருமியோடு சண்டையிடும் ஒரு வகை வெள்ளை அணு) என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

அந்த ஒரு வாரத்தில் வீடு குழம்பிப் போயிருக்கிறது. தாங்களாகவே ஒரு லேபில் 'ஃபுல் பாடி பேக்கேஜ்' எடுத்தார்கள். உடம்பில் அழற்சி இருந்தால் ஏறும் ரத்தப் புரதமான சி.ஆர்.பி. 38, கல்லீரல் செய்யும் புரதமான ஆல்புமின் 2.8, ஹீமோகுளோபின் 9.4, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 310. அறுவை முடிந்து ஆறாவது வாரம் ஆஸ்பத்திரி லேபில் சி.ஆர்.பி. 2.9தான் இருந்ததாம். "13 மடங்கு ஏறிவிட்டது, உடம்பு முழுக்க அழற்சி, எதிர்ப்புச் சக்தி காலி, இனி கீமோ தாங்காது" என்கிறார் பெரியப்பா. அவர் சொல்லி ஏற்கெனவே 20 நாளாகச் சீந்தில் சாறும் மஞ்சள் கேப்ஸ்யூலும் நடக்கின்றன. சர்க்கரை புற்றுநோயை வளர்க்கும், பாலும் முட்டையும் ஆகாது என்று கஞ்சியும் காய்கறிச் சாறும் மட்டுமே கொடுக்கிறார்கள். 63 கிலோ இருந்தவர் 54-க்கு வந்துவிட்டார். சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன், ஒரு தனியார் மையம் விற்கும் 'என்.கே. செல்' (எதிர்ப்பு வெள்ளை அணுக்களில் ஒரு வகை) ஊசிக்கு, தவணைக்கு ஒன்றேகால் லட்சம் வீதம், பணம் அனுப்பத் தயாராக இருக்கிறார். கீமோவை நிறுத்தலாமா? அழற்சியைக் குறைக்க வலி மாத்திரையோ ஆஸ்பிரினோ தினமும் கொடுக்கலாமா? எதிர்ப்புச் சக்தியை ஏற்ற எது நல்லது? இவை அவருடைய கேள்விகள்.

பதில்

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்த 13 மடங்கைத் தீர்த்துவிடுவோம். நீங்கள் அனுப்பிய இரண்டு ரிப்போர்ட்டிலும் எண்ணுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் அளவைப் பாருங்கள். ஆஸ்பத்திரி லேப் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது. தனியார் லேப் லிட்டருக்கு மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது. ஒரு லிட்டர் பத்து டெசிலிட்டர். ஆகவே பழைய 2.9 என்பது புதிய கணக்கில் 29. அப்பாவின் சி.ஆர்.பி. 29-லிருந்து 38-க்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். இந்தக் குழப்பம் தினசரி நடப்பது. படித்தவர்கள் வீட்டிலும் நடக்கிறது.

ஆனால் இதைக் கேட்டு முழுக்க ஆறுதல் அடைந்துவிட வேண்டாம். எனக்குக் கவலை தருவது 38 அல்ல, அந்தப் பழைய 29. அறுவை சிகிச்சை செய்தால் சி.ஆர்.பி. ஏறும், இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், சிக்கல் இல்லாவிட்டால் இரண்டு வாரத்துக்குள் இறங்கிவிடும். ரத்தத்தில் அதன் அரை ஆயுள் சுமார் 19 மணி நேரம்தான். ஆறாவது வாரத்திலும் 29, மூன்றரை மாதத்திலும் 38 என்றால், எங்கோ ஒன்று அதை நாள்தோறும் ஊட்டிக்கொண்டே இருக்கிறது. அது என்ன என்று யாரும் தேடவில்லை. உங்கள் வீட்டில் நடந்த விவாதம் முழுவதும் எதைக் குடித்தால் சக்தி ஏறும் என்பதைப் பற்றி. எது எரிகிறது என்பதைப் பற்றி அல்ல.

எதிர்ப்புச் சக்தி குறைவு என்பதன் பொருள்

புற்றுக் கட்டிகளுக்குள் வெள்ளை அணுக்கள் குவிந்து கிடப்பதை ருடால்ஃப் விர்ச்சோ 1863-லேயே கவனித்தார். சண்டை போடவேண்டிய அணுக்கள் அங்கே இருந்தும் கட்டி ஏன் வளர்கிறது என்ற கேள்விக்கு இன்று ஓரளவு பதில் இருக்கிறது. நாட்பட்ட அழற்சியில் ஐ.எல்-6 போன்ற செய்திப் பொருள்கள் ரத்தத்தில் ஓயாமல் சுற்றுகின்றன. அவற்றைக் கேட்டு எலும்பு மஜ்ஜை நியூட்ரோஃபிலையும், முதிராத மைலாய்டு அணுக்களையும் (வெள்ளை அணுக்களில் ஒரு வகை) மேலும் மேலும் அனுப்புகிறது. இந்த அணுக்களில் ஒரு பகுதி, புற்று அணுவைக் கொல்லத் தெரிந்த டி லிம்போசைட்டுகளை அடக்கிவைக்கிறது. டி அணுக்களும் ஓய்வில்லாமல் தூண்டப்பட்டுக் களைத்துச் செயலிழக்கின்றன. அழற்சியும் எதிர்ப்புக் குறைவும் இரண்டு தனி நோய்கள் அல்ல, ஒன்றின் இரு பக்கம்.

நீங்கள் டெல்டாக்காரர், சொன்னால் புரியும். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் எப்போதும் மேட்டூர் வற்றிவிட்டது என்று பொருளாகாது. நடுவில் கரை உடைந்து யாரோ ஒருவர் வயலை மூழ்கடித்துக்கொண்டிருக்கலாம். அப்போது அணையை இன்னும் திறந்துவிட்டால் என்ன ஆகும்? 'எதிர்ப்புச் சக்தியை ஏற்றும்' சாறும் பொடியும் செய்ய முயல்வது அதைத்தான். முதல் வேலை உடைப்பைக் கண்டுபிடிப்பது.

நியூட்ரோஃபில் 1,100 என்பது இதோடு சேராத வேறு விஷயம். கீமோ எலும்பு மஜ்ஜையின் உற்பத்தியைச் சில நாள் நிறுத்திவைக்கிறது. பிறகு மஜ்ஜை மீள்கிறது. பெரும்பாலான மையங்களில் 1,500-க்கு மேல் நியூட்ரோஃபில், 75,000-க்கு மேல் பிளேட்லெட் இருந்தால்தான் இந்த வகைக் கீமோவின் அடுத்த சைக்கிளை ஏற்றுவார்கள். ஒரு வாரம் தள்ளிப்போடுவது வழக்கமான முன்னெச்சரிக்கை. கைவிட்டுவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது சைக்கிளின் மூன்றாம் நாள் எடுத்த ரிப்போர்ட்டில் நியூட்ரோஃபில்–லிம்போசைட் விகிதம் 9 என்று இருப்பதாகவும், இணையத்தில் தேடியபோது 5-க்கு மேல் ஆபத்து என்று படித்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணைத் தூக்கிப் போடுங்கள். வாந்தி வராமலிருக்க ஊசிக்கு முன்னும் பின்னும் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு. அது நியூட்ரோஃபிலை ஏற்றி லிம்போசைட்டை இறக்கும். அந்த நாள்களில் போட்ட விகிதம் நோயைப் பற்றி எதுவும் சொல்லாது. வெள்ளையணுவை ஏற்றும் ஊசி போட்ட பிறகும் அப்படித்தான்.

சி.ஆர்.பி. பத்துக்கு மேல், ஆல்புமின் 3.5-க்குக் கீழ் என்று இரண்டும் சேர்ந்திருந்தால், குடல், இரைப்பைப் புற்றுநோய்களில் அது நல்ல அறிகுறி இல்லை என்பது உண்மை. கிளாஸ்கோ மருத்துவர்கள் இந்த இரண்டை வைத்து 0, 1, 2 என்று ஒரு மதிப்பெண் வகுத்தார்கள். அப்பா இன்று இருப்பது 2-இல். உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அது ஒரு கூட்டத்தின் சராசரியைச் சொல்லும் எண். அழற்சிக்குத் திருத்தக்கூடிய காரணம் இருந்து, அதைத் திருத்திவிட்டால், அந்தக் கூட்டத்திலிருந்து அவர் வெளியே வரலாம்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரி

"மற்றபடி, இடது குதிகாலில் சேற்றுப்புண் மாதிரி ஒன்று இரண்டு மாதமாக இருக்கிறது, வலி இல்லை" என்று போகிற போக்கில் எழுதி முடித்திருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

11 ஆண்டுச் சர்க்கரை பாத நரம்பை ஏற்கெனவே மங்கவைத்திருக்கும். ஆக்ஸாலிபிளாட்டின் அதே நரம்புகளை மேலும் தாக்கும். ஆகவே வலி இல்லை என்பது அவர் விஷயத்தில் ஆறுதல் தரும் செய்தி அல்ல. அந்தப் புண் ஆழமாகி எலும்பைத் தொட்டிருந்தால், சி.ஆர்.பி.யை மாதக்கணக்கில் 30-லும் 40-லும் வைத்திருக்க அது ஒன்றே போதும். அறுவை மருத்துவர் மழுங்கிய கம்பியால் புண்ணின் அடியைத் தொட்டுப் பார்ப்பார். எலும்பு தட்டுகிறதா என்பது தெரியும். பாதத்துக்கு எக்ஸ்ரே, அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். ரத்தப் பரிசோதனை, புண்ணின் அடித்திசுவை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் ஆகியவை வேண்டும். மேலே பஞ்சால் துடைத்து எடுப்பது போதாது. தோலில் வாழும் கிருமிதான் அதில் வளரும்.

கல்ச்சருக்கு அனுப்பும்போது "நெல் வயலில் வெறுங்காலோடு இறங்குபவர், சர்க்கரை உண்டு" என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். நம் ஊர்ச் சேற்றில் மெலியாய்டோசிஸ் என்ற நோயின் பாக்டீரியா இருக்கக்கூடும். சர்க்கரை நோயாளியான விவசாயிதான் அதற்கு எளிய இரை. லேபில் எச்சரிக்காவிட்டால் 'ஏதோ சூடோமோனாஸ்' என்று ஒதுக்கிவிட வாய்ப்பு உண்டு. அதற்கான ஆன்டிபயாட்டிக் வேறு, மாதக்கணக்கில் கொடுக்க வேண்டியது.

புண்ணிலேயே நின்றுவிட வேண்டாம். வெற்றிலை, சீவல், புகையிலை போடும் பழக்கம் இருக்கிறது, கீழ்ப்பல் ஆடுகிறது என்கிறீர்கள். ஈறிலோ பல்வேரிலோ சீழ் இருந்தால் அதுவும் ஓர் ஊற்றுக்கண். கீமோவில் நியூட்ரோஃபில் இறங்கும் நாள்களில் அது தலைதூக்கும். பல் பிடுங்க வேண்டியிருந்தால் கீமோ மருத்துவரிடம் சொல்லி, அணுக்கள் ஏறியிருக்கும் நாளில், அடுத்த ஊசிக்கு முன்பாகச் செய்யவேண்டும். பிறகு சிறுநீர்ப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே. எடை இறங்கி ஆல்புமினும் குறைந்தவருக்கு நம் நாட்டில் காசநோயை நினைக்காமல் இருக்க முடியாது. கையிலோ மார்பிலோ ஊசிக்குழாய் பொருத்தியிருந்தால் அந்த இடம். வயிற்றுக்குள் அறுவை செய்த இடத்தில் சீழ் தேங்கியிருக்கிறதா என்று பார்க்க ஒரு சி.டி. ஸ்கேன், நோய் மிச்சம் இருக்கிறதா என்ற கேள்விக்கும் அதிலேயே ஓரளவு பதில் கிடைக்கும்.

நோய் திரும்பிவிட்டதா என்று சி.ஆர்.பி.யை வைத்துச் சொல்ல முடியாது. அதற்கு சி.இ.ஏ. என்ற புற்றுநோய்க் குறியீட்டை ரத்தத்தில் பார்ப்பார்கள். அதுவும் ஆக்ஸாலிபிளாட்டின் நடக்கும்போது தற்காலிகமாக ஏறி இறங்குவதுண்டு. புகைப்பவர்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். ஒரே ஒரு எண்ணைப் பார்த்துப் பதறாமல், அதே லேபில் மீண்டும் எடுத்துப் போக்கைப் பாருங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, நகரத்து மருத்துவர்களுக்குச் சட்டென்று தோன்றாதது. வெறுங்காலோடு ஈர மண்ணில் நடப்பவர்கள் குடலில் ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற நூல்புழு பல ஆண்டுகள் சத்தமில்லாமல் வாழும். ஸ்டீராய்டு கிடைத்ததும் அது பெருகி உடம்பெங்கும் பரவி, குடல் பாக்டீரியாவையும் ரத்தத்துக்குள் இழுத்துச் செல்லும். உயிருக்கே ஆபத்து. வழக்கமான ஒருவேளை அல்பெண்டசோல் இதற்குப் போதாது, ஐவர்மெக்டின்தான் மருந்து. மலப் பரிசோதனை வேண்டுமா, நேரடியாக மருந்தே கொடுத்துவிடலாமா என்று கீமோ மருத்துவரிடம் கேளுங்கள்.

சீந்தில், மஞ்சள், வலி மாத்திரை

சீந்தில் சாற்றை இன்றே நிறுத்துங்கள். பெரியப்பா மீது கோபம் வேண்டாம். அவர் அன்பால்தான் சொல்கிறார். ஆனால் எதிர்ப்பு அணுக்களைத் தூண்டும் என்று சொல்லப்படும் அதே குணத்தால் அது கல்லீரலைத் தாக்கியதாக 2021-இல் மும்பை மருத்துவர்கள் பல நோயாளிகளை விவரித்தார்கள். ஆக்ஸாலிபிளாட்டினும் கல்லீரலைத் தொடும். இரண்டும் ஒன்றாகப் போய், கல்லீரல் அடிபட்டதைக் காட்டும் என்சைம் ரத்தத்தில் ஏறினால், எதனால் என்று தெரியாமல் மருத்துவர் கீமோவை நிறுத்துவார். இழப்பு அப்பாவுக்கு. அடுத்த ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் என்சைமும் பார்க்கச் சொல்லி, 20 நாள் சீந்தில் குடித்ததை மறைக்காமல் சொல்லுங்கள். பாட்டிலைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

குழம்பில் போடும் மஞ்சள் தாராளமாக இருக்கட்டும். கேப்ஸ்யூல் வேறு கதை. மிளகுச் சத்தைச் சேர்த்து உடலில் அதிகம் உறிஞ்சப்படும்படி செய்த குர்குமினாலும் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது.

இன்னொரு ஆபத்து உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கலாம். 'ரத்தம் ஊறும்' என்று மருந்துக்கடையில் வாங்கும் சத்து மாத்திரைகளில் ஃபோலிக் அமிலம் இருக்கும். கேப்சைடபினோடு அது சேர்ந்தால் மருந்தின் நச்சுத்தன்மை கூடி, வயிற்றுப்போக்கும் வாய்ப்புண்ணும் கடுமையாகும். முருங்கைக்கீரை சாப்பிடலாம், 5 மில்லிகிராம் மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் போடக்கூடாது.

டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளால் சி.ஆர்.பி. எண் கொஞ்சம் இறங்கினாலும் காரணம் அப்படியே இருக்கும். சிறுநீரகம் அடிபடும். கேப்சைடபினின் அளவே சிறுநீரகச் செயல்பாட்டைப் பொறுத்துத்தான். பிளேட்லெட் குறைந்த நாளில் ரத்தக் கசிவு வேறு. எல்லாவற்றையும்விட மோசம், காய்ச்சலை மறைத்துவிடும்.

ஆஸ்பிரின் பற்றிக் கேட்டது நியாயமான கேள்வி. நார்டிக் நாடுகளில் நடந்து 2025-இல் வெளிவந்த ஆய்வில், கட்டியில் பி.ஐ.கே.3.சி.ஏ. மரபணு வழித்தடத்தில் மாற்றம் இருந்தவர்களுக்கு, தினம் 160 மில்லிகிராம் ஆஸ்பிரின் மூன்று ஆண்டுகள் கொடுத்தபோது நோய் திரும்புவது பாதியளவு குறைந்தது. கவனியுங்கள்: அந்த மாற்றம் இருந்தவர்களுக்கு. அதைக் கட்டியின் திசுவில் சோதித்துத்தான் அறியமுடியும். சோதனை செய்யலாமா, எப்போது தொடங்கலாம் என்று கேளுங்கள். தானாகத் தொடங்க வேண்டாம்.

கஞ்சியால் கரையும் தசை

63-லிருந்து 54 என்றால் ஏழில் ஒரு பங்கு எடை போயிருக்கிறது. ஆறு மாதத்தில் நூற்றுக்கு ஐந்து குறைந்தாலே நாங்கள் எச்சரிக்கையாவோம். அழற்சி தசையைக் கரைத்து எரிக்கிறது. நீங்கள் வைத்திருக்கும் பத்தியம் அதற்கு விறகு எடுத்துக் கொடுக்கிறது. லிம்போசைட்டுகள் உண்டாகப் புரதம் வேண்டும், புண் ஆறப் புரதம் வேண்டும். கஞ்சியில் அது மிகக் குறைவு.

இனிப்பை நிறுத்தினால் புற்று அணு பட்டினியால் சாகாது. உணவில் இல்லாவிட்டால் உடம்பு தன் தசையை உருக்கிச் சர்க்கரையாக்கி அதற்குக் கொடுக்கும். சர்க்கரை நோய்க்காக வெல்லமும் பழச்சாறும் வேண்டாம் என்பது சரி. அதற்காகப் பாலையும் முட்டையையும் ஏன் நிறுத்துவது? ஸ்டீராய்டு கொடுக்கும் இரண்டு மூன்று நாளில் ரத்தச் சர்க்கரை ஏறும். அந்த நாள்களில் வீட்டுக் கருவியில் அடிக்கடி பார்த்து, மாத்திரை அல்லது இன்சுலின் அளவை மாற்றிக்கொள்ள வேண்டும்.

54 கிலோவுக்கு நாளொன்றுக்கு 65 முதல் 80 கிராம் புரதமும், 1,350 முதல் 1,600 கலோரியும் வேண்டும். கணக்கு இப்படி வரும்: 250 கிராம் அரிசியில் 17 கிராம், இரண்டு முட்டையில் 12, நூறு கிராம் மத்தியோ கெண்டையோ ஏறக்குறைய 19, அரை லிட்டர் பால் அல்லது தயிரில் 16, ஒரு கைப்பிடிப் பருப்பில் 9, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7. கூட்டினால் 80. இதற்கு 'புரோட்டீன் பவுடர்' டப்பா தேவையில்லை. நாகப்பட்டினத்திலிருந்து வரும் மத்தி போதும். மூன்று வேளையாக முடியாது. இரண்டரை மணிக்கு ஒருமுறை, கால் தட்டு. வாந்தி இருக்கும் நாள்களில் ஆறிய உணவு இறங்கும். ஆனால் ஊசி போட்ட முதல் வாரம் பானைத் தண்ணீர்கூடத் தொண்டையைக் கவ்வும், ஆக்ஸாலிபிளாட்டினின் குணம் அது, வெதுவெதுப்பாகக் கொடுங்கள். பழைய சோறு அவருக்கு உயிர் என்று தெரிகிறது. நியூட்ரோஃபில் குறைந்திருக்கும் நாள்களில் வேண்டாம். இரவு முழுக்க வெளியில் வைத்த சோற்றில் எந்தக் கிருமி வளர்ந்திருக்கிறது என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

ஆல்புமின் குறைந்துவிட்டது என்று பாட்டிலில் ஏற்றச் சொல்வார்கள். இந்த நிலையில் அது வீண் செலவு. அழற்சி இருக்கும்வரை கல்லீரல் தன் உற்பத்தியை சி.ஆர்.பி. பக்கம் திருப்பிவிட்டு, ஆல்புமினைக் குறைத்துத்தான் செய்யும். ஆல்புமினின் அரை ஆயுள் மூன்று வாரத்துக்குப் பக்கம். புண் ஆறி, சாப்பாடு சேர்ந்து ஒரு மாதம் ஆனபின்தான் எண் நகரும்.

ரத்தசோகையும் இதே கதை. ஃபெரிட்டின் 310 என்பதால் இரும்பு நிறைய இருக்கிறது என்று லேபில் சொன்னார்களாம். அழற்சியில் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் இரும்பைக் களஞ்சியத்தில் பூட்டி வைத்துவிடும். குடலிலிருந்து உறிஞ்சவும் விடாது. நெல் கொட்டகையில் இருந்தும் உலையில் இல்லாத நிலை. ரத்தத்தில் ஓடும் இரும்பு போதுமா என்று காட்டும் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் பாருங்கள். 20 சதவீதத்துக்குக் கீழே என்றால் மாத்திரையால் பயனில்லை, இரும்பை நரம்பு வழியாக ஏற்றவேண்டும். அதையும் குதிகால் தொற்று அடங்கியபின் செய்வதே நல்லது, கிருமிக்கும் இரும்பு வேண்டும்.

கீமோவை நிறுத்துவதா?

வேண்டாம். ஆனால் வேறொரு கேள்வியைக் கேட்கலாம். டி3 என்1 என்பது மூன்றாம் நிலையில் ஆபத்துக் குறைந்த பிரிவு. 2018-இல் வெளியான ஐ.டி.இ.ஏ. என்ற கூட்டாய்வில், இந்தப் பிரிவினருக்கு இதே ஆக்ஸாலிபிளாட்டின்–கேப்சைடபின் மூன்று மாதம், அதாவது நான்கு சைக்கிள், ஆறு மாதத்துக்கு ஏறக்குறைய இணையாக இருந்தது. நரம்புப் பாதிப்பு வெகுவாகக் குறைந்தது. "அப்பாவுக்கு நான்கோடு நிறுத்தலாமா?" என்று கேளுங்கள். அவருடைய கட்டியில் எட்டு கொடுக்க வேறு காரணம் இருக்கலாம், அதையும் சொல்லச் சொல்லுங்கள். நான்குதான் என்றால் அவர் ஏற்கெனவே பாதி வழி வந்துவிட்டார். பெரியப்பாவுக்கும் இது இறங்கும்.

குதிகாலில் ஆழமான தொற்று இருப்பது உறுதியானால் மூன்றாவது சைக்கிள் இன்னும் சில வாரம் தள்ளிப்போகலாம். அது மருத்துவர் எடுக்கும் முடிவு. அதற்கும் வீட்டில் உட்கார்ந்து நிறுத்திவிடுவதற்கும் வித்தியாசம் உண்டு.

'என்.கே. செல்' ஊசி பெருங்குடல் புற்றுநோய்க்கு நிலையான சிகிச்சை அல்ல. ஆய்வு என்று சொன்னால் சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் எண்ணைக் கேளுங்கள்; இந்தியாவில் மருத்துவ ஆய்வுகளைப் பதிவது 2009 முதல் கட்டாயம். எண் இல்லை என்றால் பேச்சு முடிந்தது. அண்ணனின் பணத்துக்கு வேறு நல்ல வேலை இருக்கிறது. அறுவையில் எடுத்த திசு, மெழுகுக் கட்டியாக ஆஸ்பத்திரியில் பத்திரமாக இருக்கும். அதில் எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2 என்ற, மரபணுப் பிழையைத் திருத்தும் நான்கு புரதங்கள் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். பெருங்குடல் கட்டிகளில் பத்துப் பதினைந்து சதவீதத்தில், அதிலும் வலப்பக்கக் கட்டிகளில் கூடுதலாக, இவற்றில் ஒன்று இல்லாமல் இருக்கும். பெம்ப்ரோலிசுமாப் போன்ற உண்மையான எதிர்ப்பாற்றல் மருந்துகள் நன்றாக வேலை செய்வது இவர்களிடம்தான். புரதம் நான்கும் இருந்தால் அந்த மருந்துக்கு லட்சங்களைக் கொட்டுவதில் இப்போது பயனில்லை. ஒன்று இல்லையென்றால் பரம்பரைக் காரணமும் இருக்கலாம். அப்போது உங்களுக்கும் அண்ணனுக்கும் கொலனோஸ்கோப்பி (பெருங்குடலைக் கேமராக் குழாயால் பார்க்கும் சோதனை) தள்ளிப்போடக்கூடாது.

மருத்துவப் பதிவுகளின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறி விதிகளில் இருக்கிறது. எழுத்தில் கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை இருக்கிறது; இந்தச் சிகிச்சைகளில் எது அதில் வரும் என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேஜையில் முன்கூட்டியே விசாரியுங்கள்.

காய்ச்சல் வந்தால்

இதை மட்டும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வாயில் வைத்த தெர்மாமீட்டர் 100.4-ஐக் காட்டினால், அல்லது குளிர் நடுக்கம் வந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். அக்குளில் வைத்தால் ஏறக்குறைய ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் குறைத்துக் காட்டும், அதைக் கணக்கில் கொள்ளுங்கள். அளந்து எழுதுவதற்கு முன் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் "கீமோ நோயாளி, கடைசி ஊசி இந்தத் தேதி" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்; ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏறவேண்டும். கிராமத்துக் கம்பவுண்டரிடம் ஊசி போட்டுப் பார்ப்பது வேண்டாம். மாத்திரை நாள்களில் வழக்கத்தைவிட நான்கு தடவை கூடுதலாக வயிற்றுப்போக்கு ஆனால் கேப்சைடபினை நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள்.

வயலுக்குப் போகலாமா என்று அப்பாவே கேட்கச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வரப்பில் நடக்கட்டும், காலையும் மாலையும் கால் மணி நேரம், மூடிய செருப்போடு. தசை கரையாமல் இருக்க நடைதான் மருந்து. பெருங்குடல் புற்றுநோயில் கீமோ முடித்த 889 பேரை வைத்து நடந்து 2025-இல் வெளியான ஆய்வில், மூன்று ஆண்டுகள் முறையாக உடற்பயிற்சி செய்தவர்களில் எட்டாம் ஆண்டில் 90 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். அறிவுரைப் புத்தகம் மட்டும் பெற்றவர்களில் 83. ஆனால் சேற்றில் இறங்கும் வேலை இந்தக் குறுவைக்கு வேண்டாம். புண் மூடி, கீமோ முடிந்தபின் சம்பாவுக்குப் பார்த்துக்கொள்ளலாம். அப்போதும் முழங்கால் பூட்ஸ் போட்டு. ஃப்ளூ, நிமோகாக்கஸ் தடுப்பூசிகளை அடுத்த சைக்கிளுக்கு முன் எந்த நாளில் போடலாம் என்று கேளுங்கள். உயிருள்ள கிருமித் தடுப்பூசி எதுவும் இப்போது கூடாது.

அடுத்த வாரம் போகும்போது இரண்டு லேப் ரிப்போர்ட்டும், சாறு பாட்டிலும், மாத்திரை டப்பாக்களும் ஒரே பையில் இருக்கட்டும். டாக்டர் கேட்காவிட்டாலும் செருப்பைக் கழற்றிக் குதிகாலைக் காட்டச் சொல்லுங்கள். அவராகக் காட்டமாட்டார், வலி இல்லையே.